இரண்டு பெட்டிகளும் ஒரு பெட்டியும்

ரங்கூனுக்குப் போனவன் திரும்பி வருகிறான் என்றால் பெட்டியோடு வருகிறான் என்று அர்த்தம். எங்கள் திருமழிசைப் பக்கத்தில் அப்படித்தான் வழக்கம். பச்சைச் சாயம் அடித்த தகரப் பெட்டியை வண்டியிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்குவார்கள். திறக்கும்போது தெருப் பெண்கள் இடுப்பில் குழந்தையோடு வந்து சூழ்ந்துகொள்வார்கள். பட்டுத் துண்டு வரும், அரக்குச் சிமிழ் வரும், வாசனை சோப்பு வரும். என் கணவர் மட்டும், ரங்கூனில் குண்டு விழ ஆரம்பித்த பிறகு காடும் மலையுமாக நடந்து, கந்தல் வேட்டியும் காலெல்லாம் புண்ணுமாகக் கையை வீசிக்கொண்டு வந்து நின்றார்.

என் மாமியார் ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பெட்டி எங்கடா நைனா?"

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளையிடம் பலகை எங்கே என்று கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் பின்னாலேயே தெருவும் கேட்டது. பெட்டி எங்கே, பெட்டி எங்கே என்று எதிர்வீட்டிலிருந்து குளத்துத் தெரு வரைக்கும் கேட்டார்கள். இவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு எதற்குமே பதில் சொல்லவில்லை.

சாப்பிடுவார், குளிப்பார், கூப்பிட்டால் "உம்" என்பார். மற்ற நேரமெல்லாம் புழக்கடையில் மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து முருங்கை மரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாணமாகி நான் அவரோடு வாழ்ந்த காலத்தைவிட அவருக்காகக் காத்திருந்த காலமே அதிகம். இப்போது ஆள் வந்துவிட்டார், பேச்சு வரவில்லை. எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒரு நாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பில்லாமல் வைத்தும் பார்த்தேன். அதையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். இந்த மனிதர் வாயைத் திறந்து என்ன நடந்தது என்று சொல்லிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் பெட்டி வந்தது.

என் அண்ணன் பட்டணத்தில் குமாஸ்தா. கண்காட்சி எங்கே நடந்தாலும் போய் எதையாவது வாங்கிவிடுவான். ஒரு வருஷம் ஆர்மோனியம், ஒரு வருஷம் சோப்புக் காய்ச்சும் அச்சு. அந்த வருஷம் கைத்தொழில் கண்காட்சியில் தேனீ வளர்க்கும் பெட்டி இரண்டு வாங்கியிருந்தான். வீட்டுக்குள் ஈ வந்தால் நான் தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று அண்ணி சொல்லிவிட்டாள். உடனே அவனுக்குத் தங்கை ஞாபகம் வந்துவிட்டது. கொத்தவால்சாவடிக்குக் காய் ஏற்றிப்போய்த் திரும்பும் வண்டியில் இரண்டையும் போட்டு அனுப்பிவிட்டான்.

வண்டிக்காரர் வானகரம், வேலப்பன்சாவடி எல்லாம் தாண்டி எங்கள் வாசலில் வந்து நின்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"அம்மா, பெட்டி வந்துகீது!"

அத்தை அடுப்படியிலிருந்து வந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. கையில் புளிக்கரைசல் வழிய, "வந்துட்டுதா? ரங்கூன்லேர்ந்து வந்துட்டுதா?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். வண்டியில் இருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இது இன்னா பெட்டி?"

"தேனீ வைக்கிற பெட்டி அத்தே. எங்க அண்ணன் அனுப்பியிருக்கான்."

"ஈ வைக்கிறதுக்கு ஒரு பெட்டியா? ஊடு பூரா ஈதானே கீது! உங்க அண்ணனுக்கு மூளை கலங்கிப்போச்சா?"

அண்ணனைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதிலுக்கு நானும் ஏதோ சொல்ல, வாசலிலேயே வாக்குவாதம் முற்றிவிட்டது. அதைக் கேட்டு அவர் உள்ளிருந்து வந்தார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. நேரே வண்டியிடம் போய்ப் பெட்டியை விரல் மடக்கித் தட்டினார். பிறகு குனிந்து மரத்தை முகர்ந்தார்.

"பர்மா தேக்கு" என்றார்.

ரங்கூனில் அவருக்கு மரக்கிடங்கில் வேலை. மரத்தைத் தட்டினால் என்ன மரம், எத்தனை காலம் காய்ந்த மரம் என்று சொல்வாராம். அத்தனை மாதத்தில் அவராக வாயைத் திறந்து சொன்னது அந்த இரண்டு வார்த்தைதான். எனக்கும் அத்தைக்கும் சண்டை அதோடு நின்றுபோயிற்று.

பெட்டிகள் கொஞ்ச நாள் காலியாகக் கிடந்தன. கூடவே வந்த சின்னப் புத்தகத்தை நான் மத்தியான வேளையில் புழக்கடையில் உட்கார்ந்து, முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு, யாருக்கோ படிப்பது போல உரக்கப் படிப்பேன். ராணித் தேனீ ஒன்றுதான் இருக்கும், ராணி எங்கேயோ மற்றதெல்லாம் அங்கே. ஒவ்வொரு பெட்டியிலும் கீழ்த் தட்டு குஞ்சுக்கு, மேல் தட்டு தேனுக்கு. புகை காட்டினால் தேனீக்கள் கூட்டில் தீப்பிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். கொள்ளுமட்டும் தேனைக் குடித்துவிட்டுப் பயணத்துக்குத் தயாராகும், வயிறு நிறைந்த ஈ கொட்டாது. ஆனால் புகை மிஞ்சிவிட்டால் நிஜமாகவே கிளம்பிப் போய்விடும். இப்படியே படித்துக்கொண்டு போவேன். அவர் சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருப்பார். நான் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் படித்தால் கண்ணைத் திறந்து பார்ப்பார். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று அதில் தெரிந்துகொண்டேன்.

தை மாதம் பக்கத்து வீட்டுப் பாய் வந்தார். பூந்தமல்லிக் கடைத்தெருவில் அத்தரும் பன்னீரும் விற்கிறவர். பக்கத்தில் வந்து நின்றாலே நமக்கும் வாசனை ஏறிவிடும். அவர் வீட்டுக் கிணற்றுச் சுவரில் ஒரு கல் பெயர்ந்த பொந்துக்குள் தேனீ கூடு கட்டியிருந்தது. தண்ணீர் சேந்தப் பெண்கள் பயப்பட்டார்கள்.

"சாயங்காலம் தேன் அழிக்க ஆளு வருது தம்பி. ஓலைப் பந்தம் கொளுத்துவாங்க. பொகை உங்க பக்கம் வந்தா கோச்சிக்காதீங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் தேனை எடுக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அழிக்கிறது என்றுதான் சொல்வார்கள். காரியமும் அப்படித்தான் நடக்கும், ஈயும் எரியும், குஞ்சும் எரியும், மிச்சத்தைப் பிழிந்துகொள்வார்கள். அதுவரை நான் அந்த வார்த்தையை வார்த்தையாகக் கவனித்ததில்லை. இவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அழிக்க வேணாம் பாய். பெட்டி கீது."

அன்று பொழுது சாயும்போது மூன்று பேரும் கிணற்றடியில் இருந்தோம். பாய் தலையிலிருந்து இடுப்பு வரை ஒரு பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு, தேங்காய் நாரைக் கொளுத்தி லேசாகப் புகை காட்டினார். போர்வை இடுக்கு வழியே பார்த்துக் காட்டியதில் புகை பொந்துக்குப் போகாமல் என் கண்ணுக்கு வந்தது. இவர் வெறுங்கையைப் பொந்துக்குள் விட்டுத் தேனடைகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். நான் அவற்றைப் பெட்டியின் மரச்சட்டங்களில் வைத்து வாழை நாரால் கட்டினேன். குஞ்சு இருந்த அடை கைக்குக் கதகதவென்று இருந்தது. கடைசியில் பொந்தின் மூலையில் கொத்தாக ஒண்டியிருந்த ஈக்களை அவர் இரண்டு உள்ளங்கையாலும் அள்ளிப் பெட்டிக்குள் விட்டார். ராணி அதில்தான் இருந்திருக்க வேண்டும். வெளியே சுற்றிய கூட்டமெல்லாம் பெட்டி வாசலுக்கு வந்து வரிசையாக உள்ளே நடக்க ஆரம்பித்தது.

"பார்றா, ஊட்டுக்குப் போறா மாதிரி போவுது!" என்றார் பாய், போர்வைக்குள்ளிருந்து.

முருங்கை மரத்தடியில் நான்கு கால் நட்டு அதன் மேல் பெட்டியை வைத்தோம். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் கீழே தண்ணீர் வைக்க வேண்டும். அதற்கு நான் சமையலறைக் கிண்ணங்களை எடுத்துவிட்டேன் என்று அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தோம், பேச்சும் திரும்பியது.

மாசியில் முருங்கை பூத்துக் கொட்டியது. காலையில் அடுப்பு மூட்டும்போதே மரம் முழுக்க ரீங்காரம் கேட்கும். அவர் சாய்ந்திருந்த சுவரை விட்டு நகர்ந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். ஈக்கள் காலில் மஞ்சள் உருண்டையோடு வந்து இறங்கும். எது எந்தப் பூவிலிருந்து வருகிறது என்று பார்ப்பதே அவருக்கு வேலை. பங்குனியில் கூடு நெரிசலாகிப் புது ராணி ஒன்று உருவாக, ஒரு பாதிக் கூட்டம் பழைய ராணியோடு வெளியே வந்து கிளையில் தொங்கியது. நான் கீழே கூடையைப் பிடித்தேன், அவர் கிளையை ஒரே உலுக்காக உலுக்கினார். அதை இரண்டாவது பெட்டியில் குடிவைத்தோம்.

அத்தைக்கு இதெதுவும் பிடிக்கவில்லை. குடும்பம் நடத்துகிற வீட்டில் கொடுக்கோடு திரிகிற ஜந்துவை எதற்குக் கொண்டுவந்து வைப்பது என்று நாள் தவறாமல் ஒரு பாட்டம் வசவு இருக்கும். ஒரு நாள் முருங்கைக்கீரை பறிக்கப் போனபோது ஒரு ஈ அவர் மூக்குத்திக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டது. அத்தை துறட்டியைப் போட்டுவிட்டு, பெட்டிக்கு எதிரே இடுப்பில் கையை ஊன்றி நின்று, அந்த ஈயையும் அதன் ராணியையும் ராணியைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டினார்.

"சோறு போட்டு வளக்கறோமே, எங்க ஊட்லயே கீறீங்களே, என் மூஞ்சியையா கடிக்கிறீங்க? நன்றி கீதா உங்களுக்கு? நாளிக்கே ஊட்டைக் காலி பண்ணுங்க, சொல்லிட்டேன்!"

பேசப் பேச மூக்கு வீங்கிக்கொண்டே வந்தது. குடித்தனக்காரரிடம் பேசுவது போல ஈயிடம் பேசுகிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பயத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அப்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பழைய ஆள் மாதிரி சிரித்தார்.

அத்தை திட்டுவதை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். வீங்கிய மூக்கோடு உள்ளே போய்ச் சுண்ணாம்பு தடவிக்கொண்டார். என்னிடம் மெதுவாக, "இன்னொரு தபா கடிச்சாலும் கடிக்கட்டும்டி" என்றார். அன்றிலிருந்து பெட்டிக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சித்திரையில் வேம்பும் புங்கமும் பூத்து முடித்த பிறகு முதல் பெட்டியின் மேல் தட்டைத் திறந்தோம். அடைகள் வெள்ளை மெழுகு மூடிக் கனத்துக் கிடந்தன. அறுத்து, வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டோம். தேன் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய ஒரு பகல் ஆயிற்று. அத்தை புறங்கையில் ஒரு துளி விட்டுப் பார்த்து, வேப்பம்பூவின் கசப்பு அடியில் இருக்கிறது, மருந்துக்கு நல்லது என்றார். முதல் போத்தல் பாய் வீட்டுக்கு, அவர் கிணற்றிலிருந்து வந்த கூடு என்பதால். இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவது போத்தலை இவர் தாமே தக்கை வைத்து அடைத்து, மேலே தேன்மெழுகை உருக்கி ஊற்றி, சாமி மாடத்துக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தார்.

"இது யாருக்கு?" என்றேன்.

"இருக்கட்டும்."

விடுவேனா நான். அந்தக் காலத்தில் ரங்கூனில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட ஆண்கள் உண்டு. அது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். பெட்டி வராததற்கும் இந்தப் போத்தலுக்கும் நானாக ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் பொருமிவிட்டு, நேராகவே கேட்டுவிட்டேன்.

"அங்க யாராச்சும் பொம்பள கீறாளா? அவளுக்கா அந்தப் போத்தல்?"

அவர் "உன் புத்தி போற எடத்தப் பாரு" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் யாருக்கு என்று தெரியவில்லை.

இப்போது அவர் பேசினார்தான். ஆனால் பேச்சு பெட்டியைச் சுற்றியே வந்தது. எந்த அடையில் குஞ்சு மூடியிருக்கிறது, எந்தப் பக்கம் கரையான் ஏறுகிறது, அதெல்லாம் சொல்வார். "ரங்கூன்ல தேனீ உண்டா?" என்று நான் நைசாகக் கேட்டால் எழுந்து கொட்டாங்கச்சிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். பாதி ஆள் வந்துவிட்டார், மீதி ஆள் இன்னும் வழியிலேயே நிற்கிறார் என்று எனக்குத் தோன்றும். அந்த மீதியும் வர வேண்டும் என்கிற பேராசையில்தான் நான் அந்தப் பெட்டிகளை அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன்.

ஆடிக் காற்றில் பூவெல்லாம் கொட்டிப்போயிற்று. புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. ஈக்களுக்கு வெளியே போக வழியில்லை, உள்ளே இருப்பும் குறைந்தது. அந்தக் காலத்தில் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. சர்க்கரையோ கார்டுக்கு அளந்து கொடுக்கிற சாமான் ஆகிவிட்டிருந்தது. வெல்லத்தைக் கரைத்து வைக்கலாமா என்றேன், அது ஈக்கு வயிற்றுப்போக்கு ஆகும் என்றார் அவர். அத்தை சர்க்கரை டப்பாவை எடுத்து மகன் முன்னால் வைத்தார்.

"எனக்கு வெல்லக் காப்பியே போதும். எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். வெல்லக் காப்பியைக் குடிக்கும்போது அவர் முகம் போன போக்கை நான்தான் பார்த்தேன்.

ஆயுத பூஜை வந்தது. மழை விட்டு இரண்டு நாளாக வெயில். ஏர், மண்வெட்டி, அரிவாள், அரிவாள்மணை, படி, உரல், உலக்கை என்று எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். அவர் பொரியும் பூவும் வாங்கப் பூந்தமல்லிக்குப் போயிருந்தார். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு ஒரு யோசனை. மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் பூஜை உண்டு, ஆனால் மகன் அதையெல்லாம் தொடுவதில்லையே. இப்போது அவன் தொட்டுச் செய்கிற தொழில் எது? ஆயுத பூஜை அன்று அவனுடைய ஆயுதத்தை விட்டுவிடலாமா? சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனார். முதல் பெட்டிக்கு நான்கு பக்கமும் பொட்டு வைத்தார். மேலே கனமாக ஒரு சாமந்திச் சரத்தைப் போட்டார். பிறகு தூபக்காலில் நெருப்பை அள்ளி, கை நிறையச் சாம்பிராணியைப் போட்டு, பெட்டி வாசலுக்கு நேர் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். மகனுக்காக வேண்டிக்கொள்ள அவருக்கு நிறைய இருந்திருக்கும். நன்றாக வேண்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அடுப்படியில் மழை வருவது போல ஒரு இரைச்சல் கேட்டது. கரண்டியோடு வெளியே ஓடினேன். பெட்டி வாசலிலிருந்து ஈக்கள் கொட்டிக்கொண்டிருந்தன. முருங்கை உயரத்துக்கு ஒரு பெரிய சுழலாகச் சுற்றி, அப்படியே கூரைக்கு மேலே எழும்பி, ஏரிப் பக்கம் போய்விட்டன. கொஞ்ச நேரத்தில் இரைச்சலும் போயிற்று. நான் ஓடித் தூபக்காலை எட்டி உதைத்ததும் இரண்டாவது பெட்டி தப்பித்தது. முதல் பெட்டிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அத்தை சாமந்திப் பூ சிதறிய தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு பயம்தான் வந்தது. இதற்காகத்தானே இவ்வளவும், இனி அந்த மனிதர் மறுபடியும் சுவரோடு சுவராகிவிட்டால் நான் என்ன செய்வேன்?

அவர் பொரி மூட்டையோடு வந்தார். அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே அழுதார்.

"நான் கும்புட்டன்டா நைனா. சாம்பிராணி போட்டுக் கும்புடத்தான்டா செஞ்சேன். ஓடிப்போச்சுடா."

அவர் பொரியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். தேன் அறைகளெல்லாம் அவசரத்தில் கிழித்துக் குடித்தபடி இருந்தன. நடு அடையில் குஞ்சுகள் மூடி போட்டபடியே கிடந்தன. பறக்கத் தெரியாத இளம் ஈக்கள் கொஞ்சம் அவற்றின் மேல் தள்ளாடி நடந்துகொண்டிருந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூடியை வைத்துவிட்டு, நேராகப் போய் அந்தப் பழைய சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.



"அது மேல தப்பு இல்லம்மா" என்றார் அவர். "உன் மேலயும் இல்ல. பொகையப் பாத்தா அது இன்னா செய்யும்? எடுத்துகினு போக முடிஞ்சத எடுத்துகினு போச்சு. முடியாதத உட்டுட்டுப் போச்சு."

அத்தையின் பக்கம் திரும்பினார். "பெட்டி எங்கன்னு கேட்டியே."

அத்தை தலையைத் தூக்கினார். நான் பொரி மூட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

மரக்கிடங்கில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் ஒருவர், காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், வயதில் பெரியவர். இருவரும் சேர்ந்துதான் கிளம்பினார்களாம். பெட்டியையும் தூக்கிக்கொண்டுதான் கிளம்பினார். அதில் அத்தைக்கு ஒரு சால்வை, எனக்கு ஒரு பட்டு, குங்குமம் வைக்க ஓர் அரக்குச் சிமிழ். மலைப் பாதையில் அந்த மனிதருக்கு ஜுரம் கண்டு நடக்க முடியாமல் போயிற்று. தோளில் ஒன்றுக்குத்தான் இடம்.

"பெட்டியக் கீழ வச்சிட்டு அவரத் தூக்கிகினேன். முதுகுல போட்டுகினு நடந்தேன். அவரு தூங்கிடக் கூடாதேன்னு பேசிகினே நடந்தேன். நம்ம ஊரு, நம்ம ஏரி, உங்க ரெண்டு பேரு சண்டை, எல்லாத்தையும் சொல்லிகினே வந்தேன். அவரும் உம் உம்னு கேட்டுகினு வந்தாரு. எப்ப உம் நின்னுதுன்னு தெரியல. அது தெரியாம நான் ரொம்ப தூரம் பேசிகினே போயிருக்கேன்."

அத்தை எழுந்து வந்து மகன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன். பெட்டியில் வந்திருக்க வேண்டிய பட்டை நினைத்து ஒரு வருஷம் மனதுக்குள் முணுமுணுத்தவள் நான், அதையும் சேர்த்து அழுதேன்.

"அவருக்குச் சம்சாரம் கீது. இன்னும் காத்துகினு இருப்பாங்க" என்றார் கடைசியில். "கைய வீசிகினு போயி இந்தச் சேதிய எப்படிச் சொல்றது? தேன் எடுத்தப்போ, இத எடுத்துகினு போலாம்னு நெனச்சேன். அப்பறம் தைரியம் வரல."

மறுநாள் விஜயதசமி. எதைத் தொடங்கினாலும் நல்ல நாள் என்று அத்தை விடியும்போதே மகனை எழுப்பிவிட்டார். மாடத்திலிருந்த போத்தலைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். நெற்றியில் விபூதி பூசினார். சாம்பிராணிப் பக்கம் மட்டும் போகவில்லை. பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ் பெரிய சாலையில் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது, அவர் ஏறிப் போனார். அன்று முழுவதும் நானும் அத்தையும் ஒரு சண்டையும் போடவில்லை.

விளக்கேற்றும் நேரத்தில் திரும்பி வந்தார். அதே போத்தல் கையில் இருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று அந்த அம்மாள் அதைக் கழுவிக் காயவைத்து, வீட்டிலிருந்த கொத்தமல்லி விதையைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்று அத்தை கேட்டார்.

"எல்லாத்தையும் கேட்டுகினே இருந்தாங்க. அழல. அப்பறம், தூக்கிகினா நடந்தீங்கன்னு கேட்டாங்க. ஆமான்னேன். 'அவரு நல்ல கனமாச்சே தம்பி'ன்னாங்க. அப்பதான் அழுதாங்க."

சொல்லிவிட்டு அவர் தம் தோளைத் தடவிக்கொண்டார். பிறகு, பசிக்கிறது, சோறு போடு என்றார். சாப்பிடும்போது குழம்பில் உப்பு குறைவாக இருக்கிறது என்று என்னைக் குறை சொன்னார். நிஜமாகவே குறைவுதான், அன்று எனக்கு நிதானமில்லை. அவர் குறை சொன்னதில் எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே காட்டாமலிருக்க எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துவந்தேன்.

காலிப் பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்தோம். இரண்டாவது பெட்டிக்கு முன்னால் கொத்தமல்லி தூவினோம். மார்கழியில் அது வெள்ளையாகப் பூத்தபோது எங்கள் ஈக்கள் அதை விட்டு எழுந்திருக்கவில்லை.

விஷயம் தெருவுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. பாய் வீட்டுக் கிணற்றடியில் எதிர்வீட்டுக்காரி ஒரு நாள் தண்ணீர் சேந்திக்கொண்டே, "இன்னா, ஒரு பெட்டி காலியாமே?" என்று இழுத்தாள். அவள் ஈப் பெட்டியைத்தான் கேட்டாள். அத்தை குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினார்.

"பெட்டியா? என் புள்ள பெட்டியக் கீழ வச்சிட்டு ஒரு மனுசனத் தூக்கிகினு வந்தான்டி. உங்க ஊட்ல எவன்னா தூக்குவானா?"